பச்சைத்தண்ணியும் நீல ஜெர்கினும்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி வீட்டு அழைப்பு மணி ஒரே ஒரு தடவை அடித்தது. கதவைத் திறந்தால் ஐம்பத்தேழு வயது மதிக்கத்தக்க ஒருவர் கக்கத்தில் பழுப்பு உறையை இடுக்கிக்கொண்டு நின்றார். தோள்பையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் மூன்று நாள் தாடி. உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு, வரச் சொன்ன பிறகும் வாசலிலேயே தயங்கினார்.

அண்ணிக்குத் துப்பறிவது தொழில். அதற்கு முன் இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன கடைகள் தானாக எரிந்தனவா, எரிக்கப்பட்டனவா என்று பார்த்துச் சொல்லும் வேலை. கணவர் போன பிறகு அவருடைய தம்பி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், எதிர் வீட்டிலிருந்து காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே தெருவுக்கெல்லாம் அந்த அம்மாள் அண்ணியாகிவிட்டார்.

கண்டக்டர் வந்தவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். "அண்ணி! யாரு வந்திருக்காங்க பாருங்க! பச்சைத்தண்ணி சார்! பேப்பர்ல கடைசிப் பக்கம் ஃபுட்பால் எழுதறவரு. எந்தக் கிளப்லயும் பச்சைத் தண்ணி கூட வாங்கிக் குடிக்கமாட்டாரு. அதனாலதான் அந்தப் பேரு."

"உட்காருங்க. டீ போடட்டுமா?" என்றார் அண்ணி.

"வேண்டாம்மா. உங்ககிட்ட வேலையா வந்திருக்கேன்" என்று தன் பாட்டிலைத் தொட்டுக் காட்டினார் நிருபர். கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. வந்தவர் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

உறைக்குள் ஒரு புகைப்படம் இருந்தது. செய்தியாளர் மாடத்தில் நிருபர் உட்கார்ந்திருக்கிறார். மார்புக்கு மேல்தான் தெரிகிறது. தாடை தாழ்ந்து, கண்கள் கீழே பார்த்தபடி இருக்கின்றன. கழுத்து வரை நீல ஜெர்கின். தாடைக்குக் கீழே, தோளுக்குத் தோள், கொட்டை எழுத்தில் கிளப்பின் பெயர். அந்த எழுத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். பின்னால் கண்ணாடி ஜன்னல் வழியே, கறுத்துக் கிடக்கும் ஸ்கோர் பலகை. படத்தின் பின்புறம் 'இவர்தான் நடுநிலை' என்று தட்டச்சு செய்து ஒட்டியிருந்தது.

"திங்கக்கிழமை எங்க எடிட்டர் பேருக்கு ஆபீஸ் தபால் பெட்டியில யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் நிருபர். "ஞாயித்துக்கிழமை மேட்ச்ல ஒரு கோல் தகராறாச்சு. உள்ளூர் கிளப் போட்ட கோல். செல்லும்னு எழுதினேன், ஏன்னா அது செல்லும். மறுநாள் காலையில பேப்பர், சாயங்காலம் இந்தப் படம். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள விளக்கம் சொல்லணும், இல்லேன்னா என் பத்தியை நிறுத்திடுவேன்னு எடிட்டர் சொல்லிட்டார்."

"இதை நீங்க போட்டுக்கலையா?"

"சீசன் ஆரம்பத்துல தினம் வர்ற ஒன்பது நிருபருக்கும் கிளப் கொடுத்தது. எட்டுப் பேர் வாங்கிக்கிட்டாங்க, அப்போ அவங்க பேப்பர்ல தடை இல்ல. நான் வாங்கல. தொட்டது கூட இல்ல."

அண்ணி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஸ்கோர் பலகை அணைஞ்சிருக்கே?"

"ஆட்டம் முடிஞ்சு கால் மணி நேரத்துல அணைச்சிடுவாங்க. அந்நேரம் எல்லாரும் பிரஸ் மீட்டுக்குக் கீழ போயிருப்பாங்க. அன்னிக்கு நான் போகல. காய்ச்சல். செய்தியை அனுப்பிட்டு மாத்திரை போட்டேன். மழையில ஷூ ஊறிப் போயிருந்தது. யார் முன்னாடியும் கழட்டற பழக்கம் இல்ல, எல்லாரும் இறங்கினப்புறம் கழட்டி நாற்காலிக்கு அடியில வெச்சேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேஜையில முதுகு சாய்ச்சு ஒரு இருபது நிமிஷம் கண்ணசந்துட்டேன். முழிச்சப்போ மாடத்துல ஒரு ஆள் இல்ல. என் சட்டைக்கு மேல வேற எந்தத் துணியும் இல்ல."

"வீட்ல யாராவது இருக்காங்களா?"

கேள்வி எதற்கென்று தெரியாமல் அவர் சற்று விழித்தார். "தனியாத்தான் இருக்கேன். ஒரு தங்கச்சி உண்டு. அவ பையனுக்கு ஒரு ஃபைனல் மேட்ச் பாஸ் வாங்கித் தரச் சொன்னா. வாங்கற பழக்கமில்லைன்னேன். டிக்கெட்டுக்கு வரிசையில நின்னேன், கிடைக்கல. அதோட பேச்சு வார்த்தை நின்னுபோச்சு. ஒன்பது வருஷம் ஆச்சு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மாடத்துலயும் யாரும் என்கிட்ட ஒட்டமாட்டாங்க. எங்க பேப்பர்ல ஒரு விதி இருக்கு, நான் எழுதினது. எந்த நிருபர், எந்தப் பேப்பர்காரரா இருந்தாலும் சரி, தன் பேப்பர் போட்ட தடையை மீறிக் கிளப் பொருளைத் தொட்டது தெரிஞ்சா, தெரிஞ்சவர் அதை எழுதியே ஆகணும். அப்படி ரெண்டு பேரைப் பத்தி எழுதினேன். ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. அதுக்கப்புறம் யார்தான் என் பக்கத்துல உட்காருவாங்க? எனக்கு இருக்கறது இந்தப் பேர் ஒண்ணுதாம்மா. அதுவும் போயிடுச்சுன்னா..."

கண்டக்டர் தன் டீயை மேஜைக்கு அடியில் தள்ளிவைத்தார். எதிரில் ஒருவர் குடிக்காதபோது குடிக்க மனம் வரவில்லை.

"உங்க மேல யாருக்காவது கோபம் உண்டா?" என்று கேட்டார் அண்ணி.

"எல்லாருக்கும்தான்" என்றார் நிருபர், அலுத்துக்கொள்ளாமல். "இப்போதைக்குன்னா, கிளப்போட பி.ஆர்.ஓ. இருக்கார். கோல் கீப்பருக்குத் தோள் எலும்பு விலகியிருக்கு. வலி தெரியாம இருக்க ஊசி போட்டு விளையாட வைக்கிறாங்க. பையனுக்கு வயசு இருபது. இப்படியே போனா கை போயிடும். சனிக்கிழமை பி.ஆர்.ஓ.வுக்கு மூணு கேள்வி எழுத்துல கொடுத்தேன். வர்ற ஞாயிறு பத்தியில வரப்போகுது. வரப்போகுதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவர் போனதும் கண்டக்டர் படத்தைக் கையில் எடுத்தார். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நான் முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவன் மூஞ்சியைப் பார்த்தவன். இவர் மூஞ்சி நல்ல மூஞ்சிதான். ஆனா படத்துல கிளப் பேரு பளிச்சுன்னு நெஞ்சுல நிக்குதே. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?"

"கண்ணாடி வேண்டாம் தம்பி. ஜெர்கின் வேணும். நாளைக்கு மாடத்துக்குப் போவோம்."

வியாழக்கிழமை மைதானத்தில் ஆட்டம் இல்லை. நாலாயிரம் நாற்காலிகள் மடித்தபடி கிடந்தன. புல் வெட்டும் இயந்திரம் ஒன்று அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தது. பி.ஆர்.ஓ. வாசலிலேயே காத்திருந்தார். நல்ல உயரம், நல்ல சட்டை, தேன் தடவிய பேச்சு. மாடிப்படி ஏறும்போது அண்ணிக்கு இரண்டு முறை கைகொடுக்க வந்தார்.

மாடம் நீளமான ஓர் அறை. கண்ணாடியை ஒட்டி மேஜை, அதன்முன் உயரமான பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசியில் சுவரோரம் மட்டும் நாற்காலி உடைந்துபோய் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அந்தச் சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. கண்டக்டர் கதவருகே நின்று, பழக்க தோஷத்தில், விரலால் எண்ணினார். "எட்டு கொக்கி அண்ணி. ஏழு ஜெர்கின்தான் இருக்கு. ஒண்ணு இறங்கிப் போயிருக்கு."

அண்ணி ஒரு ஜெர்கினை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பேசாமல் திரும்ப மாட்டினார். "இந்த ஸ்டூல்ல யார் உட்காருவாங்க?"

"தொப்பின்னு கூப்பிடுவாங்க. இன்னொரு பேப்பர்காரர்" என்றார் பி.ஆர்.ஓ. "யார் எந்தத் தொப்பி கொடுத்தாலும் வாங்கி மாட்டிக்குவார். சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டே எழுதுவார். வெள்ளந்தி மனுஷன்."

"பச்சைத்தண்ணி சாரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கு மரியாதைதாங்க." அவர் பெருமூச்சு விட்டார். "அந்தப் படம் எனக்கும் ஒரு காப்பி தபால்ல வந்தது. மனசு கஷ்டமாப் போச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க. எங்க ஜெர்கினையும் மாட்டிக்கிட்டு, ஷூவையும் கழட்டிப் போட்டுட்டு, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தா, படம் எடுக்கறவன் எடுக்கத்தானே செய்வான்? நான் அப்போ கீழ பிரஸ் மீட்ல இருந்தேன். இருந்திருந்தா தடுத்திருப்பேன்."

"நீங்க நல்லவர்" என்றார் அண்ணி. கண்டக்டர் அதை நம்பிக்கொண்டு தலையாட்டினார்.

தொப்பியை அவருடைய வீட்டில் பார்த்தார்கள். இரண்டு அறை, ஒரு மனைவி, மேஜையில் பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு பெண்கள். அன்று அவர் தலையில் தொப்பி இல்லை. வழுக்கை வெளிறித் தெரிந்தது. மனைவியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்க ஜெர்கின் முதுகுல சுண்ணாம்பு இருக்கும். அது படத்துல விழுந்திருக்கு" என்றார் அண்ணி, சுற்றி வளைக்காமல்.

தொப்பி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். "அன்னிக்கு ரெக்கார்டரை மேலேயே மறந்து வெச்சுட்டேன். பாதிப் படியில ஞாபகம் வந்து திரும்பிப் போனேன். அவர் தூங்கிட்டிருந்தார். குளிர்ல பல்லு கிட்டிச்சு, கால்ல ஷூ கூட இல்ல. என்ன இருந்தாலும் மனுஷன்தானே? என் ஜெர்கினைக் கழட்டிப் போர்த்திட்டு இறங்கிட்டேன். எழுப்பியிருந்தா வேண்டாம்னிருப்பார். பிரஸ் மீட் வேற பத்து நிமிஷம் லேட்டு. பி.ஆர்.ஓ. வந்து சேரலை. முடிஞ்சு மேல போனப்போ ஜெர்கின் கொக்கியில தொங்குது. அவரே எழுந்து மாட்டியிருப்பார்னு நினைச்சேன். படத்தைப் பத்திக் கேள்விப்பட்டதும் பயந்துபோய் அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்."

"இதை வந்து சொல்லியிருக்கலாமே?" கண்டக்டருக்குக் குரல் உயர்ந்தது.

"எங்க பேப்பர்லயும் ஒண்ணாம் தேதியிலேருந்து கிளப் பொருள் எதையும் தொடக்கூடாதுன்னு உத்தரவு. போன வாரம் ஒருத்தரை அனுப்பிட்டாங்க. அன்னிக்கு மழைக்குளிர், இன்னிக்கு ஒரு நாள்தானேன்னு கீழ இறங்கற நேரத்துல அவர் பார்க்காம மாட்டிக்கிட்டேன். ஒரு நாள்தான்." தொப்பி உள்ளங்கையால் வழுக்கையைத் தடவினார். "அவருக்குத் தெரிஞ்சா எழுதிடுவார். எழுதாம இருக்க அவரால முடியாது. ஆனா வேற வழியே இல்லேன்னா என் பேரைச் சொல்லிக்குங்க. அந்த ஆள் பொய்யா மாட்டிக்கறதைப் பார்த்துக்கிட்டு என்னால சோறு திங்க முடியல."

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் கேட்டார். "இப்போ எப்படி அண்ணி? ஒருத்தரை இறக்கினாத்தான் இன்னொருத்தருக்கு இடம் போல இருக்கே."

"பார்ப்போம்" என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அதே மாடத்தில் எல்லோரும் கூடினார்கள். ஆசிரியர் பருத்த மனிதர். மைதானப் பக்கம் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது என்பதைப் படியேறி முடித்ததும் மூச்சு வாங்கியபடி ஒப்புக்கொண்டார். பி.ஆர்.ஓ. நடுவில் உட்கார்ந்தார். மற்ற நிருபர்கள் யாரும் வரவில்லை. போன ஞாயிறு என்னென்ன நடந்தது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணி கூப்பிட்டதால், தொப்பி மட்டும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். பச்சைத்தண்ணி தன் வழக்கமான இடத்தில் இருந்தார். பக்கத்து நாற்காலி காலி என்றாலும் யாரும் அதில் உட்காரவில்லை. கண்டக்டர்தான் போய் அதில் பொத்தென்று அமர்ந்தார்.

அண்ணி கொக்கியிலிருந்து ஒரு ஜெர்கினை எடுத்தார். "தம்பி, இதைப் போட்டுக்குங்க."

கண்டக்டர் போட்டுக்கொண்டார். வயிற்றருகே ஜிப் மறுத்தது. மார்பில் இடப்பக்கம், பொத்தான் அளவில் கிளப் சின்னம் மட்டும் இருந்தது.

"பேரு எங்கே காணோம்?" என்றார் ஆசிரியர்.

"திரும்புங்க தம்பி."

கண்டக்டர் திரும்பினார். முதுகு முழுக்கக் கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது. ஆசிரியர் தன் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"போட்டுக்கிட்டவருக்குப் பேரு முதுகுலதான் வரும்" என்றார் அண்ணி. "படத்துல பேரு நெஞ்சுல இருக்கு. ஜெர்கினைக் கழட்டி ஒருத்தர் மேல போர்த்தினா முதுகுப் பக்கம்தான் வெளியில தெரியும். கைகள் தெரியக்கூடாதுன்னு படத்தை மார்போட வெட்டியிருக்காங்க. ஸ்கோர் பலகை அணைஞ்சிருக்கு, ஆட்டம் முடிஞ்சாச்சு. இவர் குனிஞ்சு குறிப்பு எழுதல சார். காய்ச்சல்ல தூங்கறார்."

"எனக்கு இது தோணவே இல்லையே" என்றார் பச்சைத்தண்ணி மெதுவாக. "தினம் பார்க்கிற ஜெர்கின்."

"நீங்க படத்துல உங்க மூஞ்சியைத்தான் பார்த்திருப்பீங்க. யாரா இருந்தாலும் அதைத்தான் பார்ப்பாங்க."

பி.ஆர்.ஓ. தொண்டையைக் கனைத்தார். "அப்போ சந்தோஷம்தான். யாரோ விளையாட்டுக்குச் செஞ்சிருக்காங்க."

"போர்த்தினவர் விளையாட்டுக்குப் போர்த்தல. படம் எடுத்தவரும் விளையாட்டுக்கு எடுக்கல. ரெண்டும் வேற வேற ஆள்" என்றார் அண்ணி. "போர்த்தினவரே படம் எடுத்திருந்தா, தன் ஜெர்கினாலயே தான் மாட்டிக்குவோம்னு தெரியாதா? எடுத்தவர் பின்னாடி வந்தவர். படம் எடுத்ததும் ஜெர்கினை உருவிக் கொக்கியில மாட்டிட்டார், தூங்கறவருக்கு விஷயமே தெரியக்கூடாதுன்னு. சரி, நீங்க நேத்து என்கிட்ட சொன்னீங்களே, இவர் ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தார்னு. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படத்துல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஆசிரியர் படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். மார்புக்குக் கீழே எதுவும் இல்லை.

"எல்லாரும் இறங்கினப்புறம்தான் இவர் ஷூவைக் கழட்டினார். இருபது நிமிஷத்துல மறுபடி மாட்டிக்கிட்டார். நீங்க கீழ பிரஸ் மீட்ல இருந்ததாச் சொல்றீங்க. ஆனா அன்னிக்கு நீங்க வராம பிரஸ் மீட் பத்து நிமிஷம் தாமதமாச்சு."

"ஆமா" என்றார் தொப்பி ஸ்டூலிலிருந்து. "நாங்க எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்."

"கோல் கீப்பர் பத்தின மூணு கேள்விக்குத் தனியாப் பேசிச் சரிக்கட்டலாம்னு மேல வந்திருப்பீங்க. வந்தா, தூங்கறார். அதுவும் உங்க ஜெர்கினுக்கு அடியில. தானா மடியில விழுந்த பழத்தை யார் விடுவாங்க? இல்லேன்னா உங்க போனைக் கொடுங்க, எடிட்டர் பார்க்கட்டும்."

பி.ஆர்.ஓ.வின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. அதற்கு மேல் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர் ஜெர்கினைக் கழட்ட மறந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்தி வரும்" என்றார் ஆசிரியர். "கோல் கீப்பர் விஷயமும் வரும்." பச்சைத்தண்ணி கையைக் கூப்பினார்.

அப்போதுதான் பி.ஆர்.ஓ. சிரித்தார். தேன் போன இடம் தெரியவில்லை. "எல்லாம் சரி. ஒரு விஷயம் பாக்கி இருக்கே. அது யார் ஜெர்கின்? கிளப் கொடுத்ததை மாட்டிக்கிட்டுத் திரியற உங்க யோக்கியன் யாரு? நீங்கதான் எதையும் விடமாட்டீங்களே, பச்சைத்தண்ணி சார். கேட்டு எழுதுங்க."

"நியாயமான கேள்விதான்" என்று ஆசிரியரும் அண்ணியைப் பார்த்தார். "யாரும்மா அது?"

தொப்பி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் பச்சைத்தண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எழுந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"வேண்டாம்மா. சொல்லாதீங்க."

"சார், நீங்களா சொல்றீங்க?" என்றார் ஆசிரியர்.

"தெரிஞ்சா நான் எழுதணும். என் விதி அது, அதை மாத்தமாட்டேன். தெரியாததை எழுத முடியாது." அவர் புல்வெளியைப் பார்த்தே பேசினார், அறையில் யார் முகம் எப்படி மாறுகிறது என்று கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. "என்னைப் பத்தி எழுதிக்கறேன். கிளப் ஜெர்கின் இருபது நிமிஷம் என் மேல கிடந்ததுன்னு ஞாயித்துக்கிழமை போட்டுடறேன். அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். மத்தது வேண்டாம்."

முப்பத்தோரு வருஷ நிருபர் வேலையில் முதல் தடவையாக அவரை ஒருவர் போர்த்திவிட்டிருக்கிறார். அது யார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அந்த முதுகைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. தொப்பி மெல்ல உட்கார்ந்தார். கண்களை மறைக்க அவர் தலையில் அன்று தொப்பி இல்லை.

ஆசிரியர் படத்தை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பி.ஆர்.ஓ.வைக் கிளப் தலைவரிடம் அழைத்துப் போனார்.

படியிறங்கும்போது பச்சைத்தண்ணி அண்ணிக்காக நின்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? பேர் வேண்டாம். அவர் என்னைக் கேலி பண்ணி ஏதும் போர்த்தலையே?"

"நீங்க நடுங்கறதைப் பார்த்துப் போர்த்தியிருக்கார். எழுப்பினா வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு எழுப்பல."

"சரியாத்தான் நினைச்சிருக்கார்." அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார், மறுபடி நின்றார். "எட்டுப் பேர்ல ஒருத்தர். இத்தனை வருஷத்துல அந்த எட்டுப் பேருக்கும் நான் ஒரு வணக்கம் சொன்னதில்லம்மா. யாருன்னு தெரிஞ்சிருந்தா அவர் ஒருத்தருக்குச் சொல்லி முடிச்சிருப்பேன். இப்போ எட்டுப் பேருக்கும் சொல்லணும்."

"சொல்லுங்க சார். அதுக்குக் காசா பணமா" என்றார் கண்டக்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மைதான வாசலில் வானொலி நிருபர் ஒருவர், எட்டுப் பேரில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மறந்து வைத்த குடையை வாங்கிப் போக வந்திருந்தார். பச்சைத்தண்ணி அவர் எதிரில் போய் நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் கூப்பி, கொஞ்சம் சத்தமாகவே "வணக்கம்" என்றார்.

அந்த மனிதர், தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.